இரண்டரை லட்சம் வெள்ளி வரை: ஒரு வங்கி அறிவிப்புக்கு உரை

கேமரன் மலையின் தானா ராத்தா கடைத்தெருவில் உள்ள வணிக வங்கிகளின் கண்ணாடிக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். சம்பளம் ஏறிய மறுநாள் ஹபுவிலிருந்து ஏறியும் சுங்கை பாலாஸிலிருந்து இறங்கியும் வருகிற தோட்டத்து மக்கள், ஏடிஎம் வரிசையில் நிற்கும்போது அது முகத்துக்கு நேராகத்தான் இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அந்த ஒற்றை வரியின் பொருள் இது:

பிஐடிஎம் உறுப்பினர். ஒவ்வொரு வைப்பாளருக்கும் 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் பாதுகாப்பு உண்டு.

முப்பது, நாற்பது ஆண்டு தேயிலை கிள்ளியவர்களுக்கு, 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து வரும் தொகைதான் வாழ்நாளில் ஒரே தடவை மொத்தமாகக் கையில் படுகிற பணம். அது பெரும்பாலும் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகிறது. அதன் கதி என்ன என்று சொல்கிற வரி இது ஒன்றுதான். ஆகவே இதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பது அவசியம் என்று கருதுகிறேன். எவ்வளவு தருகிறது என்பதைப் போலவே எங்கே நின்றுவிடுகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“பிஐடிஎம்”

மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம். 2005இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த அரசு நிறுவனம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வேறு, இது வேறு. வங்கிகளைக் கண்காணிப்பது பேங்க் நெகாராவின் வேலை; கண்காணிப்பையும் மீறி ஒரு வங்கி முறிந்தால் வைப்பாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது பிஐடிஎம்மின் வேலை. அதற்கான நிதியை வங்கிகளே ஆண்டுதோறும் கட்டணமாகச் செலுத்துகின்றன. ஆபத்து அதிகமுள்ள வங்கி அதிகம் கட்ட வேண்டும். நாம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை, எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கணக்கைத் திறந்த அன்றே காப்பு தானாக வந்துவிடுகிறது.

“உறுப்பினர்”

வரியில் அதிகக் கனமுள்ள சொல் இதுதான். நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

உறுப்பினர் என்றால், உறுப்பினர் அல்லாதவையும் உண்டு. வணிக வங்கிகளும் இஸ்லாமிய வங்கிகளும் உறுப்பினர்கள். அண்மையில் உரிமம் பெற்ற, கிளையே இல்லாத ஜிஎக்ஸ்பேங்க் போன்ற மின்னிலக்க வங்கிகளும் உறுப்பினர்கள்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் முதல் சேமிப்புப் புத்தகத்தைத் தந்த பிஎஸ்என், அதாவது பேங்க் சிம்பானான் நேஷனல், இந்தப் பட்டியலில் இல்லை. பழைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் வாரிசாக 1974இல் தனிச் சட்டத்தின் கீழ் வந்த அரசு வங்கி அது. அதன் பின்னால் நிற்பது அரசு. அக்ரோபேங்க், பேங்க் ராக்யாட் ஆகியவையும் தனிச் சட்டங்களின் கீழ் இயங்கும் மேம்பாட்டு நிதி நிறுவனங்கள். அங்கே இந்த ஒட்டுத்தாளைக் காணோமே என்று யாரும் பதற வேண்டாம்.

பதற வேண்டியது வேறு இடத்தில். 1986 ஜூலையில் கொசாத்து என்ற கூட்டுறவுச் சங்கம் பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாமல் கதவை அடைத்தது. செய்தி பரவியதும் மற்ற சங்கங்களின் வாசலிலும் வரிசை நின்றது. ஆகஸ்டு 8ஆம் தேதி பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களை முடக்கியது. மொத்தம் 24 சங்கங்கள்; 5 லட்சத்துக்கு மேற்பட்ட வைப்பாளர்கள்; சுமார் 150 கோடி வெள்ளி. வங்கியைவிடக் கூடுதல் வட்டி தந்த சங்கங்கள் அவை. வாங்கிய பணத்தை நிலத்திலும் பங்குச் சந்தையிலும், இயக்குநர்களோடு தொடர்புள்ள கம்பெனிகளிலும் போட்டிருந்தன. பேங்க் நெகாராவின் கண்காணிப்பு அன்றைக்கு அவற்றை எட்டவில்லை. கூட்டுறவுத் துறையின் கீழ் இருந்தன. நாட்டின் பொருளாதாரம் 1985இல் சுருங்கியதும் நிலத்தின் விலை விழுந்தது, கணக்குகள் அம்பலமாயின. வைப்பாளர்கள் தங்கள் பணத்தைக் காண ஆண்டுகள் ஆயின.

கூட்டுறவு என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளியிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. நம் மக்களின் சேமிப்பால் நடந்த மிகப் பெரிய காரியம் அது. ஆனால் கூட்டுறவுச் சங்கம் பிஐடிஎம் உறுப்பினர் அல்ல. அங்கே போடுகிற பணத்துக்கு அந்தச் சங்கத்தின் நேர்மையும் நிர்வாகமும்தான் காப்பு.

மைக்கா ஹோல்டிங்ஸையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்திய சமுதாயத்தின் பொருளாதார விடிவு என்று மஇகா கட்சி அறிமுகப்படுத்திய நிறுவனம். சுமார் 66,000 பேர், பெரும்பாலும் சாதாரண உழைப்பாளிகள், 10 கோடி வெள்ளிக்கு மேல் பங்கு வாங்கினார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. 2010இல் அதே ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று விலை பேசப்பட்டது. கால் நூற்றாண்டு போன பிறகு, போட்ட முதலே முழுதாகத் திரும்பவில்லை. அன்று பங்கு வாங்கிய பலர் தாங்கள் ‘பணம் போட்டு வைத்திருப்பதாக’ நம்பினார்கள். போட்டு வைப்பது வேறு, பங்கு வாங்குவது வேறு. பங்குக்கு எந்த நாட்டிலும் வைப்புக் காப்புறுதி கிடையாது. அந்த வித்தியாசத்தை லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருவரும் எடுத்துச் சொல்லாததுதான் எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

காப்பு இல்லாதவை இன்னும் சில உண்டு. தோட்டத்தில் பெண்கள் பிடிக்கிற கூட்டு, அதாவது சீட்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கூட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. கைப்பேசியில் உள்ள மின்பணப்பை வங்கிக் கணக்கு அல்ல, அதில் கிடக்கும் மீதத்துக்கு இந்த வரி பேசாது. தங்கத்தில் மாதாமாதம் வருமானம் என்று ஆள் சேர்த்த ஜெனிவா மலேசியா நிறுவனத்தில் 2012 அக்டோபரில் பேங்க் நெகாராவும் மற்ற அமலாக்கத் துறைகளும் சோதனை நடத்தின. அதில் பணம் போட்டவர்களுக்கும் எந்த ஒட்டுத்தாளும் துணைக்கு வரவில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற எந்தத் திட்டமானாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இது உறுப்பினரா?

“பாதுகாப்பு”

எதிலிருந்து? வங்கி முறிவதிலிருந்து, அது ஒன்றிலிருந்து மட்டும்.

வங்கி என்பது நாம் கொடுத்த பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் இடம் அல்ல. நம்மிடம் எப்போது கேட்டாலும் தருவேன் என்று வாங்கி, இன்னொருவருக்கு 30 ஆண்டு வீட்டுக் கடனாகத் தந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால், நல்ல வங்கியாலும் தர முடியாது. ஆகவே வங்கிக்கு எமன் நஷ்டம் மட்டும் அல்ல, பயமும்தான். இந்த ஒட்டுத்தாள் அந்தப் பயத்துக்கு எழுதப்பட்டது. என் பணம் எப்படியும் வரும் என்று தெரிந்தவர் நள்ளிரவில் வரிசையில் போய் நிற்க மாட்டார். அவர் நிற்காததாலேயே வங்கி பிழைத்துக்கொள்ளும்.

தமிழர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு மூழ்கிப்போனது. அந்த அடியிலிருந்துதான், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அந்த வங்கி கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் வந்தது. இந்தியா 1969இல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதும், வேற்று நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கலாகாது என்ற நிலை எழுந்தது. அவ்விரண்டும் யூகோ வங்கியும் தங்கள் மலேசியக் கிளைகளை ஒன்றாக்கி 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கியை உருவாக்கின.

சென்னையில் ஒரு முறிவிலிருந்து பிறந்த வங்கியின் மலேசிய வாரிசு, 1980களின் நடுவில் தானே முறிவின் விளிம்புக்கு வந்தது. தகரம், ரப்பர், செம்பனை எண்ணெய் என்று எல்லா விலையும் சேர்ந்தாற்போல் சரிந்த காலம் அது. பெர்விரா ஹபீப், சபா பேங்க் ஆகியவற்றோடு யுனைடெட் ஏசியனையும் பேங்க் நெகாரா மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. 1991இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. அந்தக் கிளைவழி இன்று சிஐஎம்பியாக நிற்கிறது. வைப்பாளர்கள் தப்பினார்கள். ஆனால் சட்டம் அவர்களுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கவில்லை. காப்பாற்றுவது என்று அரசு அன்றைக்கு முடிவு செய்தது, அவ்வளவுதான். 1998 ஜனவரியிலும் அப்படித்தான், ஆசிய நிதி நெருக்கடி முற்றிய பிறகு எல்லா வைப்புகளுக்கும் அரசு உத்தரவாதம் தருவதாக அறிவித்தது. நெருக்கடி நாளில் தலைவர் வாயால் வரும் உறுதிமொழியைவிட, நல்ல நாளிலேயே சட்டத்தில் எழுதி வைத்த உறுதிமொழி மேலானது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அருமை அதில்தான் இருக்கிறது. அதற்குப் பின் இங்கே உறுப்பினர் வங்கி எதுவும் முறியவில்லை.

ஆனால் பயத்தின் வேகம் மாறிவிட்டது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வைப்பாளர்கள் வெளியே எடுக்க முயன்றார்கள். கதவு முன் வரிசை தேவைப்படவில்லை. கைப்பேசி போதுமானதாக இருந்தது. வட்டி குறைவாக இருந்த காலத்தில் நீண்டகாலக் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்த வங்கி அது. வட்டி ஏறியதும் அவற்றின் மதிப்பு விழுந்தது. அதன் வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்புறுதி வரம்பைத் தாண்டியவை. பெரிய வைப்பாளர்கள் முதலில் ஓடினார்கள், மறுநாளே வங்கி மூடப்பட்டது. நம் நாட்டில் சிறு சேமிப்பாளர்களே பெரும்பான்மை, அவர்களில் அநேகரின் தொகை முழுதாகக் காப்புக்குள் அடங்கும். இது நமக்கு ஒரு பலம். ஆனால் ஒரு பொய்ச் செய்தி ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை வாட்ஸ்அப்பில் பரவ அரைமணி நேரம் போதும்.

வங்கியை அரிக்கக்கூடிய இன்னொன்று இந்த மலையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்துவிட்ட தண்ணீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் மாண்டனர். காய்கறி விவசாயிகள் பலர் பயிரிடுவது தற்காலிக உரிமத்தில் உள்ள நிலம். அதை வங்கியில் ஈடு வைக்க முடியாது. ஈடு வைக்கக்கூடிய கடையும் விடுதியும் சரிவுகளில் நிற்கின்றன. ஒரு பெருமழைக்குப் பின் ஈட்டின் மதிப்பு என்ன, கடன் வாங்கியவரின் வருமானம் என்ன என்ற கேள்வியைப் பேங்க் நெகாரா இப்போது எல்லா வங்கிகளிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பருவநிலை ஆபத்தை இனி கடன் ஆபத்தாகவே கணக்கிட வேண்டும் என்பது அதன் நிலை. இது சரியானது, இன்னும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் பதிலாக வங்கிகள் மலைப்பகுதிக்குக் கடன் கொடுப்பதையே குறைத்துவிட்டால், விவசாயி வட்டி முதலையிடம்தான் போவார். ஆபத்து வங்கியின் ஏட்டிலிருந்து விலகி ஒரு குடும்பத்தின் தலையில் விழும்.

இந்தச் சொல் தராத பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டால் உரை முழுமையாகாது. காவல்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் என்று ஒரு குரல் வரும். பயந்துபோய் மாற்றினால், வங்கி முறியாமலே பணம் போய்விடும். மோசடியில் இழந்ததை பிஐடிஎம் தராது. அதற்கென உள்ள எண் 997, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் அழைக்க வேண்டும். மறுநாள் மகன் வரட்டும், கேட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தால் பிடிக்க முடியாது.

“250,000 வெள்ளி வரை”

தொடக்கத்தில் இது 60,000ஆக இருந்தது. உலக நிதி நெருக்கடியின்போது, 2008 அக்டோபரிலிருந்து 2010 இறுதிவரை, எல்லா வைப்பும் முழுமையாகக் காக்கப்பட்டது. அது முடிந்தபோது வரம்பு 250,000 ஆயிற்று. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு உயர்ந்திருக்கிற நாட்டில், தோட்டத் தொழிலாளி ஒருவரின் சேமிப்பு இந்த வரம்பைத் தொடுவது அரிது. வீடு விற்ற பணம், விபத்து இழப்பீடு, காப்புறுதித் தொகை என்று எப்போதாவது வரும்போது மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும்.

“ஒவ்வொரு வைப்பாளருக்கும்”

ஒவ்வொரு கணக்குக்கும் அல்ல. ஒரே வங்கியின் தானா ராத்தா கிளையில் 200,000, ஈப்போ கிளையில் 100,000 என்று ஒருவர் தம் பெயரில் வைத்திருந்தால் இரண்டும் கூட்டப்படும். 50,000 வரம்புக்கு வெளியே நிற்கும். அதே 100,000 வேறொரு உறுப்பினர் வங்கியில் இருந்தால் முழுதும் உள்ளே. கணவன் மனைவி கூட்டுக் கணக்குக்குத் தனி வரம்பு உண்டு. இஸ்லாமிய வைப்புக்கும் வழக்கமான வைப்புக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பணி ஓய்வுத் தொகையை எங்கே போடலாம் என்று கேட்கும் பெரியவர்களுக்கு, யார் என்ன வட்டி தருகிறார்கள் என்பதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும்.

‘ஒவ்வொரு’ என்பதில் குடியுரிமைப் பாகுபாடு இல்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிச் செடி நட்டவர்கள் தமிழர்கள். இன்று அதே சரிவுகளில் கத்தரி இயந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் சேமிப்புக்குக் கங்காணியையும் கடைக்காரரையும் நம்பினார்கள். இவர்களுக்குச் சம்பளம் வங்கியில் ஏறுகிறது, காப்பும் நமக்குள்ளதே.

இந்தக் கணக்குகள்மீதுதான் மோசடிக் கும்பலின் கண். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறவரிடம் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் சில நூறு வெள்ளிக்கு வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு பறித்த பணமெல்லாம் அந்தப் பெயரில் ஏறி இறங்குகிறது. நம் பிள்ளைகளும் கமிஷனுக்கு ஆசைப்பட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். 2024இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, தன் கணக்கை இப்படிப் பிறர் கையில் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். கடைசிச் சம்பளத்தை எடுத்த அன்றே கவுண்டருக்குப் போய்க் கணக்கை மூடச் சொல்லி, அதற்கு அரைநாள் விடுப்பும் தோட்ட நிர்வாகம் கொடுக்கலாம். விமான டிக்கெட் கையில் கொடுக்கிற கிராணியே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.